கூடைக்குள் என்ன பழம்

கல்யாணமாகி நான்காவது மாதம் என் வீட்டுக்காரர் காலை உடைத்துக்கொண்டார். பாகலூர் ரோட்டில் மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், ஷிப்ட் முடிந்து மொபெட்டில் வந்தவர் சேற்றில் வழுக்கி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தபோது வலது காலில் தொடையிலிருந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டு. எண்பதுகளின் கடைசி அது. ஓசூரில் ஒரு மாடி வீட்டில், ஒரே அறையும் சின்ன சமையல்கட்டுமாகக் குடியிருந்தோம்.

அதுவரைக்கும் எங்களுக்குள் பெரிய பேச்சு ஒன்றும் கிடையாது. நான் நாகரசம்பட்டிப் பக்கம், மாந்தோப்பு வீட்டுப் பெண். அவர் ஓசூரிலேயே பிறந்து வளர்ந்தவர், வண்டிக்குப் பாகங்கள் செய்கிற கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் வேலை. ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிப்ட். அவர் வரும்போது நான் தூங்குவேன், நான் எழும்போது அவர் தூங்குவார். இப்போது திடீரென்று நாள் பூராவும் ஒரே அறைக்குள் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம்.

இரண்டாம் நாளே அவருக்குப் பொழுது போகவில்லை. சீட்டுக்கட்டு ஒன்று வாங்கி வரச் சொன்னார். அது நடக்காத காரியம். கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மா, கன்னடக்காரர், வாடகை பேசும்போதே சொல்லியிருந்தார். அவருடைய தம்பி சீட்டாடியே நிலத்தைத் தொலைத்தவராம். அதனால் இந்த வீட்டு வாசலைச் சீட்டுக்கட்டு தாண்டக் கூடாது. நான் அதை ஞாபகப்படுத்தியதும் என் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பாவமாக இருந்தது. ஏதாவது பேசுவோமே என்று கிருஷ்ணகிரி மண்டியில் மாங்காய் விற்கிற கதையைச் சொன்னேன். கூடையின் மேல் அடுக்கில் நல்ல மல்கோவாவாக அடுக்கி, அடியில் அடிபட்ட பழத்தைத் தள்ளிவிடுவார்கள். வாங்குகிறவருக்குச் சந்தேகம் வந்தால் "கொட்டு" என்பார். நாலு பேர் பார்க்கக் கூடையைச் சாக்கில் கவிழ்த்துவிட வேண்டியதுதான். அடியில் மோசமாக இருந்தால் விற்றவர் தலை குனியணும். நன்றாக இருந்தால் சந்தேகப்பட்டவர் அசடு வழியணும்.

என் அப்பா அப்படியெல்லாம் செய்யமாட்டார் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் அதை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தவர், வீட்டில் கெட்டி அட்டை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

இருந்தது. எங்கள் கல்யாணப் பத்திரிகைதான், கொடுத்தது போக ஒரு கட்டு பரணில் மிச்சம். அதை இறக்கி, அவர் அளவு பார்த்துக் கோடு போட்டுக் கொடுக்க, நான் துண்டு துண்டாக வெட்டினேன். சொந்தக் கல்யாணப் பத்திரிகையைக் கத்தரிக்கிறோமே என்று முதல் வெட்டில் கை தயங்கியது. அப்புறம் பழகிவிட்டது. அச்சடிக்காத பக்கத்தில் மல்கோவா, செந்தூரா, பெங்களூரா, அழுகல் என்று நான்கு வகையாக நான் வரைந்தேன். அழுகலுக்கு ஒரு புழுவும் போட்டேன்.

விளையாட்டு இதுதான். மூன்று அட்டை ஒரு கூடை. மேல் அட்டையைத் திறந்து வைத்து, அடியில் இரண்டைக் கவிழ்த்து வைத்து, "எல்லாமே மல்கோவா" என்று விற்க வேண்டும். எதிராளி புளியங்கொட்டை கொடுத்து வாங்கலாம், இல்லை "கொட்டு" என்று சொல்லலாம். கொட்டும்போது அடியில் வேறு வகை இருந்தால் விற்றவருக்குத் தோல்வி.

முதல் நாள் ஒரு ஆட்டம்கூட அவர் ஜெயிக்கவில்லை. காரணத்தை நான் சொல்லவில்லை, அவரே கண்டுபிடித்தார். அட்டையின் பின்பக்கம் பத்திரிகை எழுத்து இருந்ததே, "சுற்றமும் நட்பும்" என்று வந்த துண்டு அழுகல், மஞ்சள் தடவிய மூலை மல்கோவா என்று எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. வேலையில் போடுகிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்தவர், "மொத்த லாட்டும் ரிஜெக்ட்" என்றார். நான் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அன்றைக்கே எல்லாவற்றின் முதுகிலும் பழுப்புக் காகிதம் ஒட்டினோம்.

அடுத்த சிக்கல் அவர் வேலையால் வந்தது. காலமெல்லாம் சரக்கைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்குகிறவர், நான் எந்தக் கூடையை வைத்தாலும் கொட்டு, கொட்டு என்றார். பொய் சொல்லவே வழியில்லை. விளையாட்டே செத்துவிட்டது. அதனால் வீணாகக் கொட்டச் சொன்னால் கூடை விலையைப்போல இரண்டு பங்கு கொடுக்கணும் என்று விதி போட்டேன். உடனே அவர் எதையுமே கொட்டச் சொல்லவில்லை, புழுவையெல்லாம் வரிசையாக வாங்கிக்கொண்டார். இரண்டு பங்கை ஒன்றரையாக்கினோம், அழுகலைக் குறைத்தோம், செந்தூராவைக் கூட்டினோம். சோறு வடிக்கும்போதுகூட அதே யோசனை. கரண்டியும் கையுமாக வந்து, இப்படிச் செய்தால் என்ன என்று கேட்பேன். அவரும் அதையேதான் யோசித்துக்கொண்டிருப்பார்.

ஒரு மத்தியானம் வீட்டுக்கார அம்மா கீரை கொடுக்க மாடிக்கு வந்துவிட்டார். அட்டைகளை ஒளிக்க நேரமில்லை. அவர் முகம் இறுகியது. நான் அவசரமாக, இது சீட்டு இல்லை, மாங்காய் வியாபாரம் என்று எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் விளக்கினேன். அட்டையிலிருந்த புழுவை உற்றுப் பார்த்தார். கீரையை ஓரமாக வைத்துவிட்டு என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல் மூன்று புழுவை என் தலையில் கட்டினார். நான் நல்ல கூடை வைத்தால் பேசாமல் வாங்கினார், கெட்ட கூடை வைத்தால் "சுரி" என்றார். கன்னடத்தில் கொட்டு என்று அர்த்தம். அதற்கப்புறம் மத்தியானமானால் படியில் அவர் கொலுசுச் சத்தம் கேட்கும்.

அவரைப்போல என் வீட்டுக்காரருக்குப் பொய் வராது. பொய்க் கூடை வைத்தால் கட்டைவிரல் தானாகத் தாடையைத் தேய்க்கும். அதை வைத்தே அவரைத் தோற்கடித்துக்கொண்டிருந்தேன். பாவம் என்று சில சமயம் தெரிந்தும் விட்டுக்கொடுப்பேன்.

ஒரு நாள் அவர் தாடையைத் தேய்த்தார். நான் கொட்டுங்க என்றேன். மூன்றும் மல்கோவா. மறுபடி தேய்த்தார், மறுபடி மல்கோவா. அடுத்த கூடைக்குக் கையை மடியிலேயே வைத்திருந்தார். நம்பி வாங்கினேன். அடியில் இரண்டு புழு. என் புளியங்கொட்டை மொத்தமும் அவர் பக்கம் போனபிறகுதான் எனக்கு உறைத்தது.

"எப்போலிருந்து தெரியும் உங்களுக்கு?" என்றேன்.

அவர் கொட்டைகளை டப்பாவில் அள்ளிப் போட்டார். அவ்வளவு சந்தோஷமாக அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. தோற்றது எனக்கும் ஏனோ பிடித்திருந்தது.

மாவுக்கட்டைப் பிரித்த அன்று டாக்டர் அவரிடம் வெகுநேரம் கன்னடத்தில் பேசினார். வேகமான கன்னடம், எனக்குப் பாதிகூடப் பிடிபடவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது என்ன சொன்னார் என்று கேட்டேன். எல்லாம் சரியாகிவிடும் என்றாராம். சொல்லிவிட்டுத் தாடையைத் தேய்த்தார். கொஞ்ச நாளைக்கு முன்னால் என்றால், பொய் என்று தெரிந்துகொள்ள எனக்கு அதுவே போதும். இப்போது அந்தக் கட்டைவிரல் எதைச் சொல்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. வீடு வந்தது. அவரைத் தாங்கிப் பிடித்துப் படியேற்றி, கட்டிலில் உட்கார வைத்த பிறகுதான் கேட்டேன்.

"எனக்கு உங்க முகத்தைப் பார்த்து இப்பல்லாம் ஒண்ணும் தெரியலீங்க. நீங்களே சொன்னாத்தான் உண்டு."

அவர் குனிந்து முழங்காலைத் தடவினார்.

"முட்டி முழுசா மடங்காதாம். லைன்ல நின்னு வேலை பாக்க முடியாது. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல." பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தார். "அட்டையை வெச்சு உன்னை ஏமாத்துவேன். இதுல மாட்டேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்குச் சமையல் தாமதமானது. வேலை போய்விட்டால் என்ன செய்வது, என் அப்பாவிடம் போய் நிற்பதா, கூடாதா என்று ரெண்டு பேரும் மாறி மாறிப் பேசினோம். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு பேசினோம் என்பதுதான் இப்போது ஞாபகத்தில் நிற்கிறது.

கம்பெனியில் வேலை போகவில்லை. சூப்பர்வைசரிடம் அவரே போய்க் கேட்டு, உட்கார்ந்தபடி அளவு பார்க்கிற மேஜைக்கு மாறிக்கொண்டார். ராத்திரி ஷிப்ட் நின்றது. லேசாகக் காலை இழுத்து நடப்பார், மாடிப்படியில் மட்டும் என் தோள் வேண்டும்.

அந்த வருஷம் பொங்கலுக்கு என் அண்ணன் வந்திருந்தான். நாங்கள் விளையாடுவதைப் பார்த்துத் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னான். மூன்று பேருக்கு விதியை மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஒருவர் விற்க, ஒருவர் வாங்க, மூன்றாவது ஆள் என்ன செய்வது என்று கடைசிவரை எங்களுக்குப் புரியவில்லை. தரகராக வைத்துப் பார்த்தோம். தரகனான அண்ணன் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டான். அவனுக்குப் போர்வையைப் போர்த்திவிட்டு, நாங்கள் இன்னொரு கூடை வைத்தோம்.