மிளகுக்குப் போட்ட சோறு

எட்டு நாய்களைச் சறுக்குவண்டியில் பூட்டி நானூறு கிலோமீற்றர் ஓட்டப் போகிறேன் என்று என் மைத்துனன் பிரசாந்தன் சொன்ன அன்று, எங்கள் வீட்டில் சிரிக்காமல் இருந்தவள் என் மனைவி சிறிதேவி மட்டும்தான். அவள் அவனுடைய அக்கா. அவளுடைய பங்குக்கும் சேர்த்து நான் சிரித்தேன்.

"ஒரு ஓட்டத்தை முடிச்சுக் காட்டு. உன்ரை நாயளுக்கு நான் என்ரை கையாலை சோறாக்கிப் போடுறன்" என்றேன்.

"சொன்ன சொல்லு மாறப்படாது, அத்தான்" என்றான்.

அது பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, நாங்கள் ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிய புதிதில். சோறாக்கிப் போடுவது என்று நான் சொன்னால் அது லேசான பேச்சில்லை. ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் சமையல்காரன். எண்பது கிழவர் கிழவிகள் என் கையால் சாப்பிடுகிறார்கள். யாருக்குப் பால் ஆகாது, யாருக்குக் கோதுமை ஆகாது, யாருக்குக் கடலை கிட்டவும் வரக் கூடாது என்று தட்டுக்குத் தட்டு நிறத் தாள் ஒட்டி அனுப்புகிறவன் நான். இருபது வருடத்தில் ஒரு தாள் மாறியதில்லை. சனி ஞாயிறென்றால் சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள் என்று என் ஆட்டிறைச்சிக் கறிக்கு ஆள் வரும். அப்படிப்பட்ட கறியை நாய்க்குப் போடுவது என்றால், அது நடக்கவே நடக்காது என்ற தைரியத்தில்தான் சொன்னேன்.

பிரசாந்தனை இந்த நாட்டுக்கு எடுத்தவனும் நான்தான். அப்போது நாங்கள் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்தோம். அவனுக்குப் பதினெட்டு வயது. மீன் தலைகளை அள்ளிக்கொண்டு பக்கத்து நாய்ப் பட்டிக்குப் போட்டுவிட்டு வா என்று ஒரு சனிக்கிழமை அனுப்பினேன். போனவன் இருட்டும்வரை வரவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வரவில்லை. எல்லோரும் வடக்கை விட்டு ஒஸ்லோவுக்கு வந்து வீடும் காரும் வாங்கியபோது, அவன் பஸ் ஓட்டிச் சம்பாதித்து நாய் வாங்கினான். நகரத்துக்கு வெளியே ஒரு மணித்தியாலத் தூரத்தில் ஒரு பண்ணையின் மூலையை வாடகைக்கு எடுத்துப் பட்டி கட்டினான். "நாயா நானா?" என்று அவன் மனைவி கேட்டாளாம். பதில் சொல்ல அவன் யோசித்தானாம். அந்த யோசனை போதும் என்று அவள் போய்விட்டாள். ஒரே மகள் யதுர்ஷா மட்டும் குளிர்காலம் வந்தால் தகப்பனிடம் ஓடிவிடுவாள்.

நாய்களுக்கெல்லாம் தமிழ்ப் பெயர். முன்னால் ஓடி வழி பிடிக்கிறவளுக்கு மிளகு என்று பெயர். வலம் என்றால் வலப்பக்கம், இடம் என்றால் இடப்பக்கம், நட என்றால் ஓட்டம். பெற்ற பிள்ளையோடு நோர்வே மொழி, நாயோடு தமிழ். இதைச் சொல்லி நான் எத்தனை கொண்டாட்டங்களில் சனத்தைச் சிரிக்க வைத்திருக்கிறேன்!

ஆனால் அவன் பட்ட பாட்டை நான் பார்க்காமல் இல்லை. புரட்டாதியில் பனி இருக்காது. நாலு சக்கர மோட்டார் வண்டியைச் சேற்றுக்குள் இழுக்க வைத்து அவற்றைப் பழக்குவான். காலை நாலு மணிக்குப் பஸ் எடுப்பான், பின்னேரம் பட்டியில் நிற்பான். உறைந்த இறைச்சிக் கட்டியைக் கோடரியால் கொத்திச் சுடுதண்ணீரில் கரைத்து ஊட்டுவான். பனி விழுந்ததும் காடு காடாக ஓட்டம். ஒரு நாய்க்கு நாலு காலுறை, எட்டுக்கு முப்பத்திரண்டு, ஒவ்வொன்றும் ஒரு நாளில் கிழிந்துவிடும். அதையெல்லாம் சிறிதேவி தன் சட்டை தைக்கும் மெஷினில் தைத்துக் கொடுத்தாள். "நாய்க்குச் சப்பாத்துத் தைக்கிற அக்கா" என்று கோவிலில் அவளுக்குப் பட்டம் கிடைத்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அந்த ஊர் வாய்க்குத் தீனி போட்டவன் நான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு முறை ஓடினான், இரண்டு முறையும் முடிக்கவில்லை. ஒருமுறை ஒரு நாய்க்குத் தோள் பிசகியது, ஒருமுறை புயல். மூன்றாவது, போன மாசி மாதம். வயது நாற்பத்தேழு. "இந்த முறை முடிக்காட்டி இனி உடம்பு விடாது, அக்கா. மிளகுக்கும் ஒன்பது வயது. இதோடை அவளுக்கும் ஓய்வு" என்று சிறிதேவியிடம் சொன்னான். முடிக்க வேண்டும், அவ்வளவுதான். முதலாவதாக வரவேண்டும் என்ற ஆசையெல்லாம் அவனிடம் இருந்ததில்லை.

வியாழக்கிழமை ஓட்டம். அதற்கு முந்திய சனிக்கிழமை சிறிதேவி வழியனுப்பும் விருந்து வைத்தாள். மிளகின் விரலிடுக்கில் சின்ன வெடிப்பு, குளிர் படாமல் இருக்கட்டும் என்று அதை மட்டும் கூட்டிவந்து எங்கள் கராஜில் விட்டான். நாற்பது பேர் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் என்னிடம் சொன்னான்:

"அத்தான், அவளின்ரை சாப்பாடு டப்பாவிலை கிடக்கு. அதைத் தவிர ஒண்டும் குடுக்கப்படாது. முக்கியமா உங்கடை கறி. வாசமும் படப்படாது!"

பகிடியாகத்தான் சொன்னான். சனம் சிரித்தது. பன்னிரண்டு வருடம் அவனை வைத்து நான் சிரிக்க வைத்த அதே சனம். எனக்குச் சுட்டது. என் கறி நாய்க்கும் ஆகாதா?

அன்றைக்குப் பத்துக் கிலோ ஆட்டிறைச்சி. அதற்கு ஐந்து கிலோ சிவப்பு வெங்காயம். என் குழம்பு தடிப்பாக வருவது வெங்காயத்தால்தான், மாவாலோ தேங்காயாலோ இல்லை.

மறுநாள் காலை பிரசாந்தன் பண்ணைக்குப் போயிருந்தான். வெற்றுப் போத்தல்களை வைக்கக் கராஜுக்குப் போனேன். மிளகு எழுந்து வந்து என் சப்பாத்தின் மேல் தலையை வைத்துக்கொண்டு படுத்தது. நான் அதுவரை ஒரு நாயைத் தொட்டதில்லை. அதன் தலை சூடாக இருந்தது. மனம் இளகிவிட்டது, உண்மையாகவே இளகிவிட்டது. வாக்குக் கொடுத்த சோற்றை முந்தியே போட்டால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். சோற்றில் குழம்பை ஊற்றிக் குழைத்தேன். சமைத்த எலும்பு நாய்க்கு ஆகாது என்று தெரியும், அதனால் பார்த்துப் பார்த்து எடுத்தேன். உறைப்பாக இருக்கும் என்று தயிரும் விட்டேன். பேசின் நிறைய வைத்தேன். சோறு கண்ட இடம் சொர்க்கம் என்று அது வழித்துத் தின்றது. மத்தியானமும் ஒரு பேசின். டப்பாவில் இருந்ததைக் குப்பையில் கொட்டினேன். 'எப்படி என் கை?' என்று அதைக் கேட்டேன்கூட. பின்னேரம் அவன் வந்து கூட்டிக்கொண்டு போனான்.

வியாழன் ஓட்டம் தொடங்கியது. ஒவ்வொரு வண்டியும் எங்கே போகிறது என்று கைத்தொலைபேசியில் ஒரு புள்ளியாகத் தெரியும். அவனுடைய இலக்கம் நாற்பத்தொன்று. மசாலா டப்பாவில் தொலைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டுச் சமைத்தேன். கோவில்காரர்களின் குழுவில்கூட அந்தப் புள்ளிதான். "நாப்பத்தொண்டு மேலை போகுது!" என்று எழுதினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. வெள்ளி காலை, பாதித் தூரம் தாண்டியதும் நாய்கள் கட்டாயமாக ஓய்வெடுக்கும் ஒரு தரிப்பில் புள்ளி நின்றது. ஓய்வு நேரம் முடிந்த பிறகும் நகரவில்லை.

தொலைபேசி அடித்தபோது நான் தட்டுகளுக்குத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"அத்தான், மிளகு நிக்க மாட்டாமல் விழுறாள். பல்லு முரசு வெள்ளையாப் போச்சு. மூத்திரம் கறுப்புத் தேத்தண்ணி மாதிரிப் போகுது. வெங்காயம் ஏதும் திண்டவளோ எண்டு மிருக டொக்டர் கேக்கிறா. அது நாயளுக்கு நஞ்சு, ரத்தத்தை உடைச்சுப் போடும். உங்கடை வீட்டிலைதானே நிண்டவள். ஏதும் குடுத்தனீங்களோ?"

நஞ்சு என்று அந்த நிமிடத்தில்தான் அறிந்தேன். என் விரலில் ஒரு சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இல்லை" என்றேன். "டப்பாவிலை கிடந்ததைத்தான் வைச்சனான்."

அவன் அந்தப் பக்கம் திரும்பி நோர்வே மொழியில் சொல்வது கேட்டது: இல்லையாம், அத்தான் அப்படிச் செய்கிற ஆள் இல்லை.

இரண்டாம் தரம் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். பயத்தில் சொன்ன பொய்யும் இல்லை அது. இருபது வருடம் பிழைவிடாத சமையல்காரன் என்ற தடிப்பு.

ஒரு நாயைத் தரிப்பில் விட்டுவிட்டு மிச்சம் ஏழோடு ஓடலாம், விதி இடம் கொடுக்கிறது. ஏழும் நல்ல திடமாக நின்றன. மிச்சத் தூரம் நூற்றெண்பது கிலோமீற்றர். அவன் கையெழுத்துப் போட்டு விலகி, மிளகை மடியில் கிடத்திக்கொண்டு மிருக ஆஸ்பத்திரிக்குப் போனான். யதுர்ஷா கார் ஓட்டினாள். வெங்காயம் இல்லை என்றபடியால் எலி மருந்தாக இருக்கும் என்று அங்கே அதற்கு ஊசி போட்டார்கள். பிறகு ஈரலில் கோளாறு தேடினார்கள். இரத்தம் ஏற்ற வேண்டும் என்று முடிவெடுத்தபோது நேரம் போய்விட்டது. சனிக்கிழமை விடிய அது செத்தது.

யதுர்ஷாதான் தொலைபேசியில் சொன்னாள். "மாமா, அப்பா அவளை மடியிலை இருந்து இறக்கிறார் இல்லை" என்றாள்.

அவன் தன் மேலேயே பழியைப் போட்டான். தான் கொத்தி வைத்த இறைச்சியில்தான் ஏதோ இருந்தது என்று முந்நூறு கிலோவையும் எரித்தான். பட்டியைச் சுற்றி நிலத்தைக் கிண்டி எலி மருந்து தேடினான். "என்ரை கையாலையே அவளைச் சாக்காட்டிப் போட்டன், அக்கா" என்று சிறிதேவியிடம் அழுதான். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். சித்திரையில் ஏழு நாய்களையும் வடக்கே ஒருவருக்குக் கொடுத்துவிட்டான். வலம், இடம், நட என்ற சொற்களை நோர்வே எழுத்தில் எழுதி ஒரு தாளும் கொடுத்தான்.

இப்போது நகரத்துக்குள் அம்மருட்டில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறான். இப்போதுதான் பெடியன் மனிசனாகியிருக்கிறான் என்று கோவிலில் சொல்கிறார்கள். அத்தான் அன்றைக்கே சொன்னார், கேட்டானா என்று என்னையும் புகழ்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான்.

போன ஞாயிறும் ஆட்டிறைச்சிக் கறி. இரண்டு வாய் தின்றுவிட்டுக் கையை நிறுத்தினான்.

"அத்தான், ஒண்டு சொல்லட்டே? அண்டைக்கு நான் உங்களை மறிச்சிருக்கப்படாது. எப்பிடியும் சாகப் போனவள். உங்கடை கறியிலை ஒரு வாய் எண்டாலும் திண்டிட்டுப் போயிருப்பாள். அதுதான் எனக்கு ஆறுதில்லை."

சிறிதேவி எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். மிளகு தின்ற பேசினை அன்றைக்குக் கழுவியவள் அவள்தான். ஒரு நாளும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அவன் மறுபடி சாப்பிடத் தொடங்கினான். அவனுடைய தட்டு வெறுமையாகிக்கொண்டிருந்தது. நான் இன்னொரு அகப்பை கறி போட்டேன்.