மெஹ்விஷ் பிரித்துப் பார்த்த தொகுப்பு

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்ட் பக்கம் மெஹ்விஷும் அவள் கணவன் தௌஹீத்தும் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை வைத்திருக்கிறார்கள். கடைக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக, யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து மாற்றக்கூடிய லினக்ஸ் போட்டது அவள்தான். எதையும் திறந்து உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமல் அவளால் இருக்க முடியாது.

அன்று ‘ழ’ எழுத்தைக் கைக்கு வசதியான விசைக்கு மாற்றலாமென்று எந்த விசைக்கு எந்த எழுத்து என்று சொல்லும் விசைப்பலகைக் கோப்பில் கை வைத்தாள். எங்கோ பிசகி, தமிழ் வருவதே நின்றுபோனது.

“எல்லாத்தையும் அழிச்சுட்டு புதுசா போட்டுடேன்” என்றான் தௌஹீத்.

“ஒரு ஃபைலுக்காகவா? நான் மாத்தி வச்ச மத்ததும் போயிடும்ங்க. இருங்க, இது எந்த பேக்கேஜ்ல வந்துச்சுனு பாக்கறேன்.”

கம்ப்யூட்டரையே கேட்டாள். அந்தக் கோப்பு சேர்ந்து வந்த பேக்கேஜின், அதாவது தொகுப்பின், பெயரை அது சொன்னது. அதை இறக்கி, நிறுவாமல் தனி ஃபோல்டரில் பிரித்துப் போட்டாள். உள்ளே கெட்டுப்போன கோப்பின் நல்ல பிரதி இருந்தது. அதை மட்டும் எடுத்துப் பழைய இடத்தில் வைத்து, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள். தமிழ் வந்துவிட்டது.

வேலை முடிந்தும் அவளுக்கு ஆவல் அடங்கவில்லை. அந்தக் கோப்பைத் திறந்து கீழே கீழே படித்துக்கொண்டு போனாள். தமிழ், தெலுங்கு, வங்காளம் என்று இந்திய மொழிகளின் விசை வரிசைகள் எல்லாம் அந்த ஒரே கோப்பில் ஒன்றாகவே கிடந்தன.

“இங்க வாங்களேன், நம்ம வூட்டு உருதுவும் இதுலயே இருக்கு!”

தன் அம்மா அஜ்மத் பேகத்தின் பெயரை உருதுவில் அடிக்க, முதல் எழுத்து எந்த விசையில் இருக்கிறதென்று தேட ஆரம்பித்தாள்.