வெள்ளிக்கிழமை வசனமும் எப்சிபாவின் கடிதமும்

2024 டிசம்பர் 27, வெள்ளி: அனுப்பியது 1,862. திரும்பியது 588.
2025 ஜனவரி 3, வெள்ளி: அனுப்பியது 1,862. திரும்பியது 594.
ஜனவரி 10, வெள்ளி: அனுப்பியது 1,862. திரும்பியது 601.
ஜனவரி 17, வெள்ளி: அனுப்பியது 1,862. திரும்பியது 1,204.
ஜனவரி 19, ஞாயிறு: அனுப்பியது 1. திரும்பியது 1.
ஜனவரி 22, புதன்: அனுப்பியது 1. திரும்பியது 1.
ஜனவரி 24, வெள்ளி: அனுப்பியது 1,862. திரும்பியது 1,206.
ஜனவரி 30, வியாழன்: அனுப்பியது 1. திரும்பியது 1.

செல்வசிங்கின் நோட்டில் அந்தப் பக்கம் இப்படித்தான் இருந்தது. நீல மை, சாயாத எழுத்து, அடித்தல் திருத்தல் கிடையாது. 1993-இல் நாசரேத்திலிருந்து பஹ்ரைன் வந்து, மனாமா குதைபியாவில் ஒரு கிளினிக்கில் நோயாளிகளின் ஃபைல்களை அடுக்கும் வேலையில் சேர்ந்தவர் அவர். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஃபைல்கள் இருந்த மேஜையிலேயே வைத்தார்கள். அன்றிலிருந்து கம்ப்யூட்டர், சர்வர், ஈமெயில் எல்லாம் அவர் பொறுப்பாயிற்று. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு முறை ஏதாவது கெட்டுப்போகும்போதும் என்ன செய்து சரியானது என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். முப்பத்திரண்டு வருஷத்தில் பத்தொன்பது நோட்டுகள் சேர்ந்திருந்தன. இப்போது அவருக்கு வயது அறுபத்தொன்று.

ஜனவரி 19-இல் அனுப்பிய அந்த ஒரு மெயில் எப்சிபாவுக்காக எழுதியது. எட்டு வருஷம் அதே கிளினிக்கில் நர்ஸாக இருந்துவிட்டு அக்டோபரில் ராஜினாமா செய்தவள். ஐரோப்பாவில் ஒரு ஆஸ்பத்திரி அவளை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. அந்த நாட்டின் செவிலியர் வாரியம் பதிவு கொடுத்தால்தான் போக முடியும். வாரியம் கேட்டது ஒரே ஒரு கடிதம்தான். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை எப்சிபா எங்களிடம் வேலை பார்த்தாள் என்று கிளினிக் எழுதிக்கொடுக்க வேண்டும். அதுவும் கிளினிக்கின் சொந்த ஈமெயில் முகவரியிலிருந்து நேராக வர வேண்டும். தபால் கூடாது, வேறு முகவரி கூடாது. பிப்ரவரி 28-க்குள் வராவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள். அவளுடைய ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணும் அன்றோடு காலாவதி. அந்த ஆஸ்பத்திரியின் வேலையும் அன்றோடு போய்விடும்.

ஜனவரி 19 காலை பத்தே காலுக்கு அனுப்பிய கடிதம் நான்கே விநாடியில் திரும்பி வந்தது. வாரியத்தின் ஈமெயில் பெட்டி ஒரு பெரிய மெயில் நிறுவனத்திடம் இருந்தது. கெடுபிடிக்குப் பேர்போன நிறுவனம். திரும்பிய மெயிலின் தலையில் 550 என்ற எண். செல்வசிங்குக்கு அந்த எண் தெரியும். வாங்க மாட்டோம், திரும்ப வராதே என்று அர்த்தம்.

அவர் பதறவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தார். இந்தக் கிளினிக்கின் பேரில் எந்த மெஷின் மெயில் அனுப்பலாம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவைக்கிற பட்டியல் சரியாக இருந்தது. கிளினிக்கே அனுப்பியதுதான் என்று காட்ட மெயிலின் மேல் குத்துகிற முத்திரை மட்டும் இல்லை. முன்பெல்லாம் யாரும் கேட்டதில்லை, இப்போது கேட்கிறார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து முத்திரையை ஏற்படுத்தி 22-ஆம் தேதி அனுப்பினார். திரும்பியது. அடுத்து, சர்வரின் இன்டர்நெட் எண்ணுக்கு எதிரே டெலிபோன் கம்பெனி எழுதி வைத்திருந்த பெயர் பழையது என்று கண்டுபிடித்தார். அதை மாற்றச் சொல்லி ஐந்து முறை போன் செய்தார். ஏழாவது நாள் மாற்றினார்கள். 30-ஆம் தேதி அனுப்பினார். திரும்பியது.

எப்சிபா ஈசா டவுனில் அக்காள் வீட்டில் இருந்தாள். தினமும் மத்தியானம் ஒரு முறை போன் வரும்.

"அங்கிள், போச்சா?"

"இன்னும் இல்லம்மா. ஒண்ணு சரி பண்ணியாச்சு. இன்னொண்ணு பாக்கி இருக்கு."

"ஒண்ணு ஒண்ணா எத்தனை இருக்கும் அங்கிள்?"

பிப்ரவரி 2-ஆம் தேதி ஜெனோவுக்குப் போன் செய்தார். மஸ்கட்டில் ரூவியில் இருப்பவன், நாற்பது வயது. பல கம்பெனிகளின் மெயில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதே அவன் தொழில். அவன் அப்பாவும் செல்வசிங்கும் மனாமாவில் ஒரே ரூமில் ஆறு வருஷம் இருந்தவர்கள்.

"என் மெஷின் வழியா ஒரு தடவை அனுப்பிப் பாப்போம் அங்கிள். என் மெஷினை அவங்க நம்புவாங்க" என்றான் ஜெனோ.

5-ஆம் தேதி மஸ்கட் வழியாகப் போன கடிதமும் திரும்பியது. சாயங்காலம் ஜெனோவே கூப்பிட்டான்.

"மெஷின்ல கோளாறு இல்ல அங்கிள். கிளினிக்கோட பேரு கெட்டுப்போச்சு. எந்த மெஷினுக்குப் போனாலும் பேரு கூடவே வரும். உங்க சர்வர்லேருந்து வேற என்ன மெயில் போகுது?"

"லேப் ரிப்போர்ட் போகும். ஒரு நாளைக்கு முப்பது, நாப்பது. அவ்வளவுதான்."

"வேற?"

"வெள்ளிக்கிழமை வசனம் போகும்."

மனாமாவில் கூடுகிற தமிழ்க் கிறிஸ்தவர்களின் ஐக்கியத்துக்கு அவர்தான் செயலாளர். வளைகுடாவில் வெள்ளிதான் விடுமுறை, ஆராதனையும் அன்றுதான். ஒவ்வொரு வெள்ளியும் காலை ஆறு மணிக்கு பைபிளிலிருந்து ஒரு வாக்குத்தத்த வசனமும், அந்த வாரம் பிறந்தநாளும் திருமண நாளும் வருகிறவர்களின் பெயர்களும் எல்லோருக்கும் மெயிலில் போகும். 2006-இல் கிளினிக்கின் அப்போதைய டாக்டர் வாய்வார்த்தையாக அனுமதி கொடுத்தார். அவர் ஊருக்குப் போய், கிளினிக் இரண்டு முறை கைமாறிய பிறகும் வசனம் நிற்கவில்லை.

"எத்தனை பேருக்கு?"

"ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்திரண்டு."

"பஹ்ரைன்ல நம்ம ஐக்கியத்துல அவ்வளவு பேரு ஏது? வெள்ளிக்கிழமை இருநூறு பேர் வந்தாலே சேர் பத்தாதே!"

"இப்ப இருக்கிறவங்க மட்டும் இல்ல. 1996-லேருந்து பதிவுல உள்ள எல்லாரும்."

ஐக்கியத்தின் முதல் கமிட்டியில் அப்படி ஒரு தீர்மானம் போட்டிருந்தார்கள். ஊரோடு போனாலும், வேறு நாட்டுக்குப் போனாலும், மரித்தாலும் பதிவிலிருந்து யார் பெயரையும் வெட்டக் கூடாது. ஊர்ச் சபைகளில் பெயர் வெட்டுவது ஒழுக்கக்கேட்டுக்குக் கொடுக்கிற தண்டனை. பிழைக்க வந்த இடத்தில் அப்படி ஒரு காரியம் வேண்டாம் என்று நினைத்தார்கள். அந்தத் தீர்மானத்தை எழுதியது செல்வசிங்தான். பதிவேட்டில் இருந்த பெயர்களையெல்லாம் அப்படியே மெயில் பட்டியலிலும் ஏற்றியவரும் அவர்தான்.

"வாரா வாரம் எத்தனை திரும்பி வரும்?" என்று கேட்டான் ஜெனோ.

அவர் நோட்டைப் புரட்டி வாசித்தார். 588. 594. 601. ஜனவரி 17-இல் 1,204.

ஜெனோ மெதுவாகச் சொன்னான். "அங்கிள், ஆள் விட்டுட்டுப் போன பழைய முகவரியை அந்தக் கம்பெனிக்காரன் எடுத்து, பொறி மாதிரி வச்சிருவான். ஆள் இல்லாத வீட்டுக்கு எவன் விடாம மெயில் போடுறான்னு பாப்பான். போடுறவன் பேரைக் குறிச்சுக்குவான். நீங்க பத்தொன்பது வருஷமா போட்டிருக்கீங்க. ஜனவரி 17-ல மொத்தமா கதவைச் சாத்திட்டான். உங்க நோட்டுலயே இருக்கு. எல்லாம் எழுதி வச்சிருக்கீங்க அங்கிள். வாசிக்கத்தான் இல்ல."

அன்று அவர் சாப்பிடவில்லை. ஜனவரி 17-க்குப் பிறகு அந்த நிறுவனத்தில் முகவரி வைத்திருந்த அறுநூறு பேருக்கு வசனம் போய்ச் சேரவே இல்லை. வசனம் ஏன் வரவில்லை என்று கேட்டவர்கள் நான்கு பேர். அந்த நால்வரின் பெயரும் நோட்டில் இருந்தது. அதில் ஒன்று எப்சிபா.

பிப்ரவரி 7 வெள்ளிக்கிழமை வசனம் அனுப்பவில்லை. ஆராதனை முடிந்து வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த எப்சிபாவைத் தனியே அழைத்து எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை. அவள் டீயைக் குடிக்காமல் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வாரம் ஸ்டேஜ்ல என் பேரைச் சொல்லி, எப்சிபா சிஸ்டருக்குக் கதவு திறக்கணும்னு ஜெபம் பண்ணீங்களே அங்கிள்."

"ஆமாம்மா."

"அன்னைக்குக் காலைல ஆறு மணிக்கும் அதே மெஷின்லேருந்து அனுப்புனீங்கதானே?"

"அனுப்புனேன்."

"நல்லா இருக்கு" என்றாள். கப்பைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு அக்காள் காரில் ஏறிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு மத்தியானப் போன் வரவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் செல்வசிங் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தார். இரண்டு வருஷமாக ஒரு மெயிலையும் திறக்காத எல்லோரையும் எடுத்துவிடச் சொல்லியிருந்தான் ஜெனோ. ஒரே கட்டளையில் மெஷினே நீக்கிவிடும். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு பெயராகப் படித்துவிட்டு நீக்கினார். ரெனீஷ், ஏசி மெக்கானிக், 2009-இல் விசாவை கேன்சல் செய்து ஊருக்குப் போனவன். ஷிஜி, லேப் டெக்னீஷியன், 2020 ஜூலையில் கொரோனாவில் போனவள். அவள் இறந்த பிறகும் நான்கு பிறந்தநாளுக்கு அவளுக்கு வாழ்த்து போயிருக்கிறது. ஐந்தாவது திரும்பி வந்தது. ஞாயிறு மாலை ஏழு மணிக்கு முடித்தார். நீக்கியது 1,455. மீதி 407. மீதியையும் கிளினிக் சர்வரிலிருந்து எடுத்துவிட்டார். வசனம் இனி அங்கிருந்து போகாது.

ஆனால் நீக்கினால் மட்டும் போதாது. அந்த நிறுவனத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும். தவறு என்ன, யார் செய்தது, எப்படித் திருத்தினீர்கள் என்று கேட்டிருந்தார்கள். கிளினிக்கின் பொறுப்பாளர் பெயரில்தான் அனுப்ப முடியும். திங்கட்கிழமை காலை நிர்வாக மேனேஜர் கலீலுர் ரஹ்மானின் அறைக்குப் போனார். காயல்பட்டினத்துக்காரர், செல்வசிங்கைவிடப் பதினைந்து வயது சின்னவர். எழுதியதை நீட்டினார். கலீலுர் ரஹ்மான் இரண்டு முறை படித்தார்.

"அண்ணாச்சி, பத்தொன்பது வருஷமா நம்ம சர்வர்ல சபை நடத்தியிருக்கீங்க!"

"ஆமா பாய்."

"லேப் ரிப்போர்ட் வரலன்னு ரெண்டு வாரமா பேஷன்ட்டுங்க கவுன்ட்டர்ல என்னைப் பிடுங்கி எடுக்குறாங்க. அதுவும் இதாலதானா?"

"அதும் இதாலதான்."

"இதுல உங்க பேரைப் போட்டிருக்கீங்களே. டெக்னிக்கல் கோளாறுன்னு எழுதினா போதாதா? ஓனர் பார்த்தா என்ன ஆகும் தெரியும்ல? உங்களுக்கு விசா ரினியூவல் மே மாசம்."

"பொய் எழுதினா அவன் கண்டுபிடிச்சிருவான் பாய். அவன்கிட்ட எல்லாத்துக்கும் ரெக்கார்ட் இருக்கு. அந்தப் பிள்ளைக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு."

கலீலுர் ரஹ்மான் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "ஓனருக்கு நான் சொல்லிக்கிறேன். எப்போன்னு கேக்காதீங்க."

விண்ணப்பம் 11-ஆம் தேதி போனது. பட்டியலில் இருந்தவர்கள் மெயில் பெறச் சம்மதித்தார்களா என்று அதில் ஒரு கேள்வி. 1996-இலிருந்து பதிவேட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டது அவருக்கு நினைவு வந்தது. அவர்கள் கையெழுத்துப் போட்டது ஐக்கியத்தில் சேர. இல்லை என்று எழுதினார்.

16-ஆம் தேதி பதில் வந்தது. தடையைப் படிப்படியாகத் தளர்த்துவார்களாம். எவ்வளவு நாள் என்று சொல்லவில்லை. சும்மா இருக்கவும் கூடாது, அள்ளி இறைக்கவும் கூடாது, தினம் இருபது மெயில், நிச்சயமாகத் திறந்து பதில் போடுகிறவர்களுக்கு மட்டும் என்றான் ஜெனோ. செல்வசிங் அந்த நிறுவனத்தில் முகவரி வைத்திருந்த கிளினிக் ஊழியர்களைப் பிடித்தார். டூட்டி சார்ட்டை மெயிலில் அனுப்புவார், அவர்கள் பதில் போட வேண்டும். பாதி மெயில்கள் தடைபட்டு நின்றன, பாதி போயின. கலீலுர் ரஹ்மானின் பதில் தினமும் ஒரே மாதிரி இருக்கும். "கிடைத்தது. சாப்பிட்டீர்களா?"

19-ஆம் தேதி எப்சிபாவின் கடிதத்தை அனுப்பினார். இந்த முறை வந்த எண் 421. இப்போது வாங்க முடியாது, பிறகு வா என்று அர்த்தம். முப்பத்தொரு நாளில் முதல் முறையாகக் கதவுக்குப் பின்னால் ஒருவர் பேசியது போலிருந்தது. சர்வர் தானாகவே அரைமணிக்கு ஒரு தரம் தட்டிக்கொண்டிருந்தது. ஐந்து நாள் தட்டிவிட்டு 24-ஆம் தேதி கைவிட்டது. அன்றே மறுபடி அனுப்பினார். நாற்காலியைச் சர்வருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அரைமணிக்கு ஒரு முறை 421 என்று எழுதினார்.

26-ஆம் தேதி காலை 11.08-க்கு 250 என்று வந்தது. வாங்கிக்கொண்டோம்.

எப்சிபாவுக்குப் போன் செய்தார். எடுத்தாள்.

"போயிருச்சும்மா."

"வாரியத்துக்குக் கிடைச்சிருச்சா?"

"கம்பெனிக்காரன் வாங்கிட்டான். அதுக்கப்புறம் அவங்க பார்க்கிற பெட்டியில போட்டானா, குப்பை மெயில்ல போட்டானான்னு இங்கேருந்து தெரியாது."

"அப்போ தெரியாதுன்னு சொல்லுங்க அங்கிள். போயிருச்சுன்னு சொல்லாதீங்க."

"தெரியாதும்மா" என்றார்.

28-ஆம் தேதி கழிந்தது. எப்சிபா வாரியத்துக்கு இரண்டு முறை எழுதினாள். பத்து வேலை நாளில் பதில் வரும் என்று மெஷின் பதில் மட்டும் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. ரமலான் நோன்பு தொடங்கி, கிளினிக் நேரம் இரண்டு மணியோடு முடிந்தது. செல்வசிங் இரண்டு மணிக்குப் பிறகும் இருந்தார். ஓனருக்கு விஷயம் தெரிந்துவிட்டதா என்று கலீலுர் ரஹ்மானிடம் அவர் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஆராதனையில் எப்சிபா பின்வரிசையில் உட்கார்ந்து, முடிந்ததும் டீக்கு நிற்காமல் போனாள். ஜெபத்தில் அவள் பெயரைச் சொல்லலாமா என்று தெரியாமல் செல்வசிங் சொல்லாமல் விட்டார்.

வாரியத்தின் கடிதம் கிளினிக் முகவரிக்கும் எப்சிபாவுக்கும் சேர்த்தே வந்தது. மூன்று வரி. சரிபார்ப்புக் கடிதம் பிப்ரவரி 26-இல் பெறப்பட்டது, ஃபைல் காலக்கெடுவுக்குள் முழுமையடைந்தது, ஆஸ்பத்திரிக்கும் தெரிவிக்கப்பட்டுள்ளது. அவர் அதைப் படித்து முடிப்பதற்குள் போன் அடித்தது. ஈசா டவுன் நம்பர். எடுத்தார். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறு கையால் நோட்டை இழுத்து, வந்த தேதியை எழுதினார்.

2025 மார்ச் 10, திங்கள், பிற்பகல் 1.52.