தாத்தாவின் கல்லறையில் இன்னொரு பெயர்

திருச்சியிலிருந்து தாம்பரம் முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். இரவு ரயிலில் ஏறியவளை, கண் அசந்த நேரம் பார்த்து விடியற்காலையில் இறக்கிவிட்டார்கள். நடைமேடையில் தேநீர் பதினைந்து ரூபாய், குடித்தால் வெந்நீர். அன்றைக்கு எனக்கு வந்த கோபங்களில் அதுதான் மிகச் சிறியது.

ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அப்பா அருளுக்கு வயது எழுபத்தெட்டு. சென்ற மாதம் நெஞ்சு வலியென்று மருத்துவமனையில் சேர்த்தோம். "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இதய நோய் உண்டா?" என்று டாக்டர் கேட்டதற்கு, "எனக்குக் குடும்பமே கிடையாது டாக்டர்" என்றார் அப்பா. மகள் நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர் சொன்னது தனக்கு மேலே இருந்தவர்களை. தாம்பரத்தில் ரயில்வே வேலையில் இருந்த அவருடைய அப்பா சூசைமுத்து, அப்பாவுக்கு இரண்டு வயதாகும்போது காய்ச்சலில் போய்விட்டார். அம்மாவும் அதே காய்ச்சலில் போனதாகச் சொல்லித்தான் திருச்சியில் பெரியப்பா வீட்டில் அவரை வளர்த்தார்கள். வீடு திரும்பியதிலிருந்து அப்பா ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார்: "எங்கயாவது ஒருத்தர் இருக்க மாட்டாங்களாம்மா?"

தேடாமலில்லை. அரசு அலுவலகங்களில் கேட்டால் அவ்வளவு பழைய காகிதம் இல்லை என்றார்கள். இணையத்தில் குடும்ப மரம் வரைந்து தருகிறோம் என்று கூவுகிற தளங்கள் எடுத்த எடுப்பில் கேட்பது குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்தைத் தலையில் வைத்துக்கொள்கிறோம். அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடுகிறது. பெண்களுக்கு ஒரே பிறவியில் அப்பா எழுத்து, புருஷன் எழுத்து என்று இரண்டு. இதை அந்தத் தளத்துக்காரனுக்கு யார் விளக்குவது? மூன்று இடத்தில் முட்டிக்கொண்ட பிறகுதான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

காலை ஒன்பது மணிக்குச் சேலையூர். ரயில் நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். அப்பாவை வளர்த்த அந்தப் பெரியப்பாவின் பேரன் ராபர்ட் அங்கே மூன்று மாடி வீடு கட்டியிருக்கிறார். எனக்கு அண்ணன் முறை. கூடத்தில் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் எங்கள் குடும்ப மரம். ஆளுயரத்துக்கு அச்சடித்து, கண்ணாடி போட்டு, சின்ன விளக்கு வைத்து மாட்டியிருந்தார். குடும்பச் சந்திப்புக்காகச் செய்ததாம். கிளைகிளையாக மரியதாஸ், சூசைமுத்து, அந்தோணி, ராபர்ட் என்று ஓடியது. ஓர் ஓரத்தில் ஒற்றைக் காம்பாக என் அப்பா. அவருக்குக் கீழே ஒன்றும் இல்லை. நான் இல்லை.

"அண்ணா, என் பேரு எங்க?"

"பொண்ணுங்க பேரெல்லாம் போட்டா மரம் ரொம்பப் பெருசாயிடும் ஸ்டெல்லா. கல்யாணம் ஆனா அவங்க வேற வீட்டு மரத்துல வந்துடுவாங்க இல்ல?"

"எந்த வீட்டு மரத்துலயும் வரலையே அண்ணா. என் புகுந்த வீட்டுலயும் இதையேதான் சொல்றாங்க."

அவர் சிரித்தார். அண்ணி கொண்டுவந்த இட்லியை, பசியிருந்தும் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். தாத்தாவை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று பல வருடங்களாகத் தொலைபேசியில் கேட்டு, பல வருடங்களாக "பார்க்கலாம்" என்ற பதிலையே வாங்கியிருந்தேன். நேரில் நின்றதும் வேறு வழியில்லாமல் சொன்னார்: "இங்கதான், ரயில் லைனுக்குக் கிழக்கால ஒரு பழைய கல்லறைத் தோட்டம். இப்போ அங்க ஒண்ணும் இருக்காது, சும்மா அலையாத." சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆட்டோவுக்கு நூற்றைம்பது கேட்டார் ஓட்டுநர். நூற்றிருபதுக்கு இறங்கி வந்தார். மெட்ரோ வேலை, மழைநீர்க் கால்வாய் வேலை என்று பார்க்கிற இடமெல்லாம் தோண்டிப் போட்டிருந்தது.

"இன்னாக்கா, கல்லறைக்கா? நவம்பர்ல கல்லறைத் திருநாளுக்குத்தானே எல்லாம் வருவாங்கோ?"

"எங்க தாத்தாவைத் தேடிப் போறேன்."

"உள்ள புதருதான் கீது. பார்த்துப் போக்கா, செருப்பைக் கழட்டாத."

புதர் இருந்தது. ஆனால் ராபர்ட் அண்ணன் சொன்னதுபோல ஒன்றும் இல்லாமல் இல்லை. வேப்ப மரங்களுக்கு அடியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள். ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவே கால் வைக்க இடமில்லை. வெயில் ஏற ஏற ஒவ்வொரு கல்லாகப் படித்துக்கொண்டு போனேன். கிழக்கு மதிலோரம் நின்றுவிட்டேன். பழைய வெள்ளைக் கல்லில், எழுத்துகளுக்குப் புதிதாகக் கறுப்பு மை தீட்டி: "ம. சூசைமுத்து, ரயில்வே."

என் தாத்தா. முட்டி போட்டு அந்தக் கல்லைத் தொட்டேன். அழுகை வந்திருக்கும். அதற்குள் அந்தக் கல் குழியின் கால்மாட்டில் இருப்பது கண்ணில் பட்டது. தலைமாட்டில் பளபளவென்று கறுப்புக் கிரானைட்டில் வேறொரு பெயர்: "ஜே. லூர்து மேரி." சென்ற ஆண்டு இறந்த யாரோ ஒரு பெண்.

எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. தாம்பரத்தில் ஒரு சென்ட் நிலம் விற்கிற விலைக்குச் செத்தவர்களையுமா காலி செய்வார்கள்? கேட்க ஆளில்லாத குழி என்று பார்த்து விற்றுவிட்டார்கள் என்றே முடிவு கட்டினேன். அந்த ஆத்திரத்தோடு வெயிலில் நடந்தே மாதா கோயில் பங்கு அலுவலகத்துக்குப் போனேன்.

கல்லறைக் கமிட்டிச் செயலாளர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"எங்க தாத்தா குழியில எவளோ ஒருத்தியை வெச்சிருக்கீங்களே, யாரைக் கேட்டு வெச்சீங்க?"

"மேடம், கொஞ்சம் மெதுவா. எந்தக் குழி?" சொன்னேன். அவருக்கு உடனே நினைவு வந்துவிட்டது. "அது பேமிலி கிரேவ் மேடம். சொந்தக்காரங்களைத் தவிர வேற யாருக்கும் திறக்க மாட்டோம். பிஷப்பே வந்து சொன்னாலும் திறக்க மாட்டோம்."

"நான்தான் சொந்தக்காரி. அவ இனிஷியலைப் பாருங்க, ஜே. எங்க குடும்பத்துல அந்த எழுத்துல யாருமே கிடையாது."

"அது புருஷன் இனிஷியலா இருக்கும் மேடம்." அவருக்கும் குரல் ஏறியது. "நீங்க யாரு? எனக்குத் தெரிஞ்சே அந்தம்மா அம்பது வருஷமா கல்லறைத் திருநாளுக்குத் தவறாம வந்து சுண்ணாம்பு அடிச்சு, மை தீட்டி, பூ போட்டுட்டுப் போவாங்க. எங்கப்பா குழி, எங்கப்பா குழின்னுதான் சொல்லுவாங்க. உங்களை நான் இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

எங்கப்பா குழி. இரண்டு வார்த்தைகள் உள்ளே போய் உட்கார எனக்கு எவ்வளவு நேரம் பிடித்ததோ தெரியாது. வேறு யாருக்கும் திறக்காத குழி அவளுக்குத் திறந்தது. அப்படியென்றால் அவள் என் தாத்தாவின் மகள். அப்பாவின் அக்கா. பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன். இனிஷியல் பொருந்தவில்லை என்று சொந்த அத்தையையே எவளோ ஒருத்தி என்று கத்தியிருந்தேன்.

அவர் தண்ணீர் கொடுத்தார். அத்தையின் மகள் ஜெயசீலியைத் தொலைபேசியில் அழைத்து, இன்னார் வந்திருக்கிறார் என்றார். அந்தப் பக்கத்துக் குரல் யார் மகள் என்று இரண்டு முறை கேட்டது. பிறகு, "பள்ளிக்கரணைக்கு வரச் சொல்லுங்க" என்றது.

பிற்பகல் இரண்டு மணிக்குக் கிழக்குத் தாம்பரத்தில் பேருந்து ஏறினேன். பள்ளிக்கரணை பதின்மூன்று கிலோமீட்டர். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துனர் சீட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிட்டு நகர்ந்தார். ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், கௌரிவாக்கம் என்று ஊர்கள் இடைவெளியே இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. நகைக்கடை, கல்யாண மண்டபம், மறுபடி நகைக்கடை. அரசாங்கத்துப் பேருந்தில் பெண்களுக்கு என்று ஓர் இடம் இருக்கிறது, எங்கள் வீட்டுச் சுவரில் இல்லை என்று நினைத்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா, "இன்னாம்மா, தனியா பேசிக்கினு வர்றே?" என்றார். மேடவாக்கத்தில் அவர் இறங்கினார். பள்ளிக்கரணையில் நான் இறங்கும்போது சதுப்பு நிலத்துப் பக்கமிருந்து குப்பை எரியும் வாடை வந்தது. அதே சதுப்பின் தண்ணீரில் நாரைகள் நின்றிருந்தன.

ஜெயசீலி அக்கா என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நாவலூரில் ஒரு கணினி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். எனக்காகப் பாதி நாள் விடுப்பு போட்டிருந்தார். கதவைத் திறந்தவர் உள்ளே வா என்று சொல்லவில்லை.

"நீங்க அருள் மாமா பொண்ணுன்னு சொன்னாரு. எங்க மாமா சின்ன வயசுலயே செத்துட்டாரு. யாரு நீங்க?"

நான் கைப்பேசியில் அப்பாவின் படத்தைக் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "எங்கம்மா மூக்கு," என்றார். "அப்படியே எங்கம்மா மூக்கு."

உட்கார்ந்து அவர் சொன்னதை இங்கே சுருக்கித்தான் தர முடிகிறது. காய்ச்சலில் போனது தாத்தா மட்டும்தான். பாட்டிக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பிறகு பல்லாவரத்தில் ஒருவரை மறுமணம் செய்துகொண்டார். அதைக் கேட்டுத் தாத்தாவின் வீட்டார் வந்தார்கள். ஆண்பிள்ளை எங்கள் ரத்தம் என்று இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டார்கள். ஆறு வயது லூர்து மேரியை அங்கேயே விட்டுவிட்டார்கள். பெண்பிள்ளை அவர்களுக்கு எதற்கு?

"அம்மாவுக்கு வேலை கிடைச்சதும் முதல் சம்பளத்துல தம்பிக்குச் சட்டைத் துணி எடுத்துக்கிட்டுத் திருச்சிக்குப் போனாங்களாம். வாசல்லயே நிக்க வெச்சு, அவன் செத்துட்டான்னு சொல்லிட்டாங்க. அந்தத் துணியை அம்மா தைக்கவும் இல்ல, யாருக்கும் கொடுக்கவும் இல்ல. வருஷா வருஷம் தாத்தா குழியில ரெண்டு மெழுகுவத்தி ஏத்துவாங்க. ஒண்ணு அப்பாவுக்கு, ஒண்ணு தம்பிக்கு."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அத்தை வாசலில் நின்ற நாளில் என் அப்பா அதே வீட்டில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பையன். உயிரோடிருப்பவனுக்காக ஒருத்தி அறுபது வருடம் மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறாள். அவனோ எனக்கு யாருமில்லை என்று டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அங்கிருந்தபடியே ராபர்ட் அண்ணனை அழைத்தேன்.

"ஒரு பொண்ணு இருந்துச்சுன்னு சின்ன வயசுல கேள்விப்பட்டிருக்கேன்," என்றார் நிதானமாக. "அதான் ஆம்பளைங்க பேரு மட்டும் போட்டோமே, அதுல அவங்க எப்படி வருவாங்க? பழசை ஏன் கிளறணும் ஸ்டெல்லா?"

நான் சொன்னதை அச்சில் போட முடியாது. ஜெயசீலி அக்கா என் கையிலிருந்து போனை வாங்கி, இன்னும் கொஞ்சம் சொல்லிவிட்டு வைத்தார். பிறகுதான் எங்கள் இருவருக்கும் அழுகை வந்தது. அக்கா வடித்து வைத்திருந்த சோற்றை மாலையில்தான் சாப்பிட்டோம். என்னோடு அவரும் திருச்சிக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை திருச்சியில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் அழுவார் என்று மாத்திரையை எடுத்து வைத்திருந்தேன். அவர் அழவில்லை. ஜெயசீலி அக்காவின் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் குழியில இன்னொருத்தருக்கு இடம் இருக்கா?"

ஜெயசீலி அக்காதான் சொன்னார்: "இருக்கு மாமா. ஆனா ஒரு தடவை திறந்தா, அடுத்தது பதினாலு வருஷம் கழிச்சுத்தான் திறப்பாங்க. அம்மா போய் ஒரு வருஷம்தான் ஆகுது."

அப்பா விரல்விட்டு எண்ணினார். அப்படி ஒரு கோபத்தை அவர் முகத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"அப்போ இன்னும் பதிமூணு வருஷம். நான் செத்துட்டேன்னு எங்கக்காகிட்ட சொன்னானுங்க இல்ல? இருந்து காட்டுறேன். அந்த மாத்திரையைக் கொடு."