சைபுதீன் பெட்ரோலைக் காய்ச்சிய கதை

கோடை வந்தால் மட்டாஞ்சேரி டாக்சி ஓட்டுநர்கள் என்ஜினுக்குப் பெட்ரோலை ஏற்றும் பம்பின் மேல் ஈரத்துணி போடுவார்கள். பெட்ரோல் வழியிலேயே ஆவியானால் வண்டி நின்றுவிடும். சைபுதீன் மட்டும் போடமாட்டார். ஆவியானால்தான் பெட்ரோல் எரியும், ஆகவே முன்பே காய்ச்சி அனுப்பினால் பாதிப் பெட்ரோல் போதும் என்பது அவர் கொள்கை. எழுபத்து நாலில் விலை ஏறியதும் கொள்கை செம்புக்குழாயாக மாறியது. என்ஜினின் புகைக்குழாயை அது பாம்பு போலச் சுற்றிக் கிடந்தது; பெட்ரோல் அதன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அதன்பின் வண்டி ஓடிய தூரம் கூடியதோ இல்லையோ, நின்ற இடங்கள் கூடின.

அவர் மனைவி லதீஃபாவின் தம்பி பரீதுக்கு இடப்பள்ளியில் நிக்காஹ். மட்டாஞ்சேரிக்காரர்கள் நேரத்துக்கு வரமாட்டார்கள் என்று பெண்ணின் தகப்பனார் முன்பே குத்திக்காட்டியிருந்தார். காஜியாருக்கு அன்று வேறொரு நிக்காஹும் இருந்தது. அன்றைக்காவது குழாயைக் கழற்றச் சொன்னாள் லதீஃபா. அதன் பெருமையை இந்தப் பயணத்திலேயே காட்டுவதாகச் சொன்னார் சைபுதீன்.

"என் தம்பி கல்யாண மாப்பிள்ளையாக்கும். உங்க கொழாய்க்குப் பரீட்சை எழுதப் போறவனில்ல."

தோப்பும்படி பாலத்தின் நடுவில் அம்பாசிடர் நின்றது. கீழே காயல் முழுக்கத் தண்ணீர். காரில் துணி நனைக்க ஒரு சொட்டு இல்லை. என்ஜின் மூடியைத் திறந்து பார்த்த சைபுதீனின் முகம் மலர்ந்தது.

"பாத்தியா பரீதே, மொத்தமும் ஆவியாயிட்டு. நான் சொன்னதுதானே?"

"சரிதான் மச்சான். அந்த ஆவியில என்னைய இடப்பள்ளியில கொண்டு விடுங்க."

அவர் சொன்னதில் பிழையில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆவியாக வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் ஆகிவிட்டது, அவ்வளவே.

லதீஃபா இறங்கினாள். தம்பியின் தலைப்பாகையை உருவி, விருந்தினருக்குத் தெளிக்க வைத்திருந்த பன்னீரை அதில் கொட்டி, குழாயின் மேல் போர்த்தினாள். சீறி அடங்கியதும் வண்டி கிளம்பியது. வழியில் மறுபடி நின்றபோது மிச்சப் பன்னீரும் தீர்ந்தது.

போய்ச் சேர்ந்தபோது காஜியார் ஒரு காலில் செருப்பு மாட்டியிருந்தார். பரீத் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு நிக்காஹை முடித்தான். பெண்ணின் தகப்பனார் காரை மோந்து பார்த்தார்.

"மட்டாஞ்சேரியில வண்டிக்கும் பன்னீர் தெளிப்பீங்களோ?"

சைபுதீன் விளக்க வாயெடுத்தார். லதீஃபா முந்திக்கொண்டாள்.

"ஆமா, சம்பந்தி வீட்டுக்கு வர்றதுன்னா ஒரு மரியாதை வேணாமா?"

குழாயை அவர் பிறகும் கழற்றவில்லை. அதன் மேல் ஈரத்துணி போட்டுக்கொண்டார். உள்ளே சூடு, மேலே குளிர்ச்சி. மற்ற வண்டிகள் குடித்த அளவே அவருடையதும் குடித்தது. கொள்கையைக் கைவிடாமல் அதன் விளைவிலிருந்து தப்பிக்க மனிதர் கண்ட வழிகளில் இது செலவு குறைந்தது. துணி அந்தத் தலைப்பாகைதான். சவாரிக்கு முன் அதை நனைத்துக் கொடுப்பது லதீஃபாவின் வேலை.