மாட்டின் வாய்க்குள் விட்ட கை

அந்தக் குரல் எங்கள் மாட்டினுடையது இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். மைசூர் ரிங் ரோட்டுக்கு அப்பால் எங்கள் வீடு. சுற்றிலும் கட்டாத மனைகள். யார் மாடோ மேய வந்து கத்துகிறது என்று சமையலைப் பார்த்தேன். மறுபடியும் கத்தியது. தொண்டை கட்டிய ஆம்பிளை யாரோ கூப்பிடுவது போல இருந்தது. கொட்டகைக்குப் போனால், எங்கள் மாடேதான்.

தண்ணீர்த் தொட்டிக்குள் மூஞ்சியை வைத்துக்கொண்டு நின்றது. உதடு நடுங்கியதே தவிர ஒரு மடக்கும் உள்ளே போகவில்லை. எச்சில் கயிறாகத் தொங்கியது. என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தக் கண்ணுக்கு நான் யாரென்று தெரிந்த மாதிரியே இல்லை. 

என் வீட்டுக்காரர் ராமாபுரத்து விவசாயக் குடும்பம். மாட்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது உலகத்தில் கிடையாது, அவரைக் கேட்டால்.

“தொண்டைல மாங்கொட்டை சிக்கீருக்கும் புள்ள. உன்ற கை சின்னது, உட்டுப் பாரு” என்றார்.

நானும் புத்தி கெட்டவள், முழங்கை வரைக்கும் விட்டேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. காலையில் புல் அறுக்கும்போது அரிவாள் பட்ட விரல் மட்டும் எரிந்தது.

போன் போட்டு வரவழைத்த கால்நடை டாக்டர் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டார். வாய்க்குள் கை விட்டது யார் என்று கேட்டார். அடுத்து, நாய் ஏதாவது கடித்ததா என்றார்.

“அதெல்லாம் இல்லீங்க சார்” என்றார் இவர்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் குப்பைமேட்டு நாய் ஒன்று உள்ளே புகுந்து மாட்டின் மூக்கைக் கடித்தது. சின்னக் காயம்தான். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினேன். கேட்டைத் திறந்து போட்டது நான். எப்போதும் திட்டுகிறவள் அன்றைக்குத் திட்டு வாங்க வேண்டுமே என்று இவரிடம் மூச்சு விடவில்லை. இப்போது சொன்னேன். உடனே கழுவி ஊசி போட்டிருந்தால் பிழைத்திருக்கலாம் என்றார் டாக்டர். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

ரேபிஸ். குரல் மாறியதும் தண்ணீர் இறங்காததும் அதனால்தானாம். மாட்டுக்கு இனி செய்ய ஒன்றுமில்லை, யாரும் கிட்டே போகக்கூடாது. நான் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, அப்படியே பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஓடினேன்.

மூன்றாம் நாள் மாடு விழுந்தது. அதுவரை அந்தக் குரலிலேயே கத்தியது.

எனக்கு ஊசியெல்லாம் போட்டு முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. பயமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இவருக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. தினமும் நான் எழுந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரோடு எதிரே வந்து நிற்கிறார். குடிக்கும்போது என் தொண்டையையே பார்க்கிறார். முதல் மடக்கை நானும் பயந்துகொண்டுதான் விழுங்குகிறேன். அதை அவரிடம் சொன்னதில்லை.

குடித்து முடித்தாலும் நகர்வதில்லை. இருபது வருஷமாக என் வாய்க்குப் பயந்து டீக்கடைக்கு ஓடிய மனுஷன்.

“இன்னும் என்னத்துக்கு நிக்கறீங்க? வேற வேலை இல்லீங்களா?” என்று சத்தம் போடுகிறேன்.

“உன்ற கொரலுதான்” என்று சொம்பை வாங்கிக்கொண்டு போகிறார்.