வெளியே கொண்டி போட்ட அறை

எங்கள் வீட்டில் சாராயம் என்ற சொல்லையே யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள். சொல்லியே தீர வேண்டி வந்தால் உம்மா ‘அந்தச் சாமான்’ என்பார். அதைப் பெருமையாக நினைத்து வளர்ந்தவள் நான். குடியைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒரு வீட்டில் ஒரு குடிகாரரைக் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும் என்பதை என் ஒன்பதாவது வயதில், ஒரு நோன்பு மாதத்தில், கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்தேன் என்பதும் சரியில்லை, கேட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் பெயர் ஜவ்பர். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் ஜவ்பர் நானா. ஒரு காலத்தில் பாலாவியிலிருந்து கொழும்புக்கு உப்பு லொறி ஓட்டியவர். வாப்பாவுக்கு லொறி ஓட்டப் பழக்கியவரும் அவர்தான். பிறகு குடி பிடித்துக்கொண்டது. மனைவி பிள்ளைகளோடு கற்பிட்டிக்குத் தாய்வீடு போய்விட்டார். இருந்த வீடும் கைவிட்டுப் போனது. கடைசியில் சந்தி பஸ் ஹோல்ட்டில் ஒரு சாக்கை விரித்துப் படுத்துக் கிடந்தார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவரைத் தாண்டி ஓடுவோம். அவர் ஒருநாளும் எங்களை ஒன்றும் செய்ததில்லை.

வாப்பாவால் அவரைப் பார்த்தும் பாராமல் போக முடியவில்லை. தலைநோன்புக்கு முந்திய நாள் அவரை த்ரீவீலரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். ரமழானில் ஷைத்தான்களுக்கு விலங்கு போட்டிருக்கும், ஆகவே குடியை விடுவதற்கு இதைவிட நல்ல மாதம் கிடையாது என்பது வாப்பாவின் எண்ணம். ஜவ்பர் நானாவும் அதை நம்பினார். குளித்து, வாப்பாவின் சாரனை உடுத்திக்கொண்டு, வாப்பாவின் உப்புக் கொட்டிலை ஒட்டி வெறும் சாக்குகள் அடுக்கிவைக்கும் அறையில் பாயில் உட்கார்ந்தார். கொண்டி போடச் சொன்னதும் அவரேதான்.

“தம்பி, நான் எவ்வளவு கெஞ்சினாலும் தொறக்க வாணாம். வெளியால கொண்டியப் போடு” என்றார். வாப்பா அவர் கையைப் பிடித்துச் சத்தியம் செய்து கொடுத்தார்.

முதல் நோன்பன்று விடியும்போதே அவருக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. விடியுமுன் ஸஹருக்குச் சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகப் போனது. அன்று காலை உடப்பிலிருந்து கருவாடு கொண்டுவரும் அக்கா வந்தார். கொட்டில் பக்கமிருந்து வந்த முனகலைக் கேட்டு என்னவென்று விசாரித்தார். விஷயம் தெரிந்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டார். அவருடைய புருஷனும் குடித்தவர்.

“ஒரேயடியா நிப்பாட்டக் கூடாதுங்கோ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. ஏலாட்டி ஒரு மூடியளவாவது குடுங்கோ. இல்லாட்டி ஆள் மிஞ்சாது” என்றார்.

உம்மாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். நோன்பு வீட்டு வாசலில் நின்று சாராயம் கொடுக்கச் சொல்கிற பெண்ணிடம் அன்று அவர் கருவாடு வாங்கவில்லை. அக்கா போன பிறகு, ஷைத்தான் யாருடைய வாயாலும் கதைக்கும் என்று எனக்கு விளக்கினார். விலங்கு போட்ட ஷைத்தான் எப்படி உடப்புவரை போய்வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் அவர் எறும்பு எறும்பு என்று கத்தத் தொடங்கினார். சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறதாம். சாக்குகளை ஒவ்வொன்றாக உதறுவது வெளியே கேட்டது. பின்னேரம் உம்மா நோன்புக் கஞ்சி காய்ச்சப் போய்விட்டார். வாப்பா ரோட்டோரத்தில் லொறிக்கு மூட்டை ஏற்றுவித்துக்கொண்டிருந்தார், கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். என்னை அந்த அறை வாசலில் உட்காரவைத்து, தெரிந்த சூராக்களை ஓதச் சொல்லியிருந்தார்கள். உள்ளே என்ன சத்தம் கேட்டாலும் கொண்டியில் கைவைக்கக் கூடாது, அது ஷைத்தான் வெளியேறும் சத்தம் என்று வாப்பா சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவ்வளவு பெரிய பொறுப்பை அதுவரை யாரும் எனக்குத் தந்ததில்லை. தலை கால் புரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் கதவுக்குக் கிட்ட வந்தார். கதவின் கீழ் இடைவெளியில் அவர் விரல்கள் தெரிந்தன. கொஞ்சம், ஒரு மூடி போதும் என்றார். உடப்பு அக்கா சொன்ன அதே பேச்சு. இது ஷைத்தானேதான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. குரலை உயர்த்தி ஓதினேன். கொஞ்ச நேரத்தில் அவர் சாராயம் கேட்பதை விட்டுவிட்டார்.

“மகள், எனக்கு என்னமோ செய்யிது. வாப்பாவக் கூப்பிடு. ஒருக்காக் கூப்பிடு மகள்.”

நான் ஏமாறவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓதினேன். பிறகு உள்ளே குதிகால்கள் தரையில் அடிபடும் சத்தம் கேட்டது. படபடவென்று, நிற்காமல். அது நின்றபோது வேறெந்தச் சத்தமும் இல்லை. நான் சமையலறைக்கு ஓடிப்போய், ஷைத்தான் போய்விட்டது என்று உம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன். வாப்பாவைக் கூப்பிடச் சொல்லி அது எப்படியெல்லாம் கெஞ்சியது, நான் எப்படி அசையாமல் இருந்தேன் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னேன். உம்மா அகப்பையைப் போட்டுவிட்டு ஓடினார்.

கதவைத் திறந்தபோது அவர் குப்புறக் கிடந்தார். உதடு நீலம் பாய்ந்து, கடிபட்ட நாக்கிலிருந்து இரத்தம் வழிந்து பாயெல்லாம் ஊறியிருந்தது. பாதி ஏற்றிய லொறியிலேயே அவரைக் கொண்டுபோனார்கள். பல வருஷம் குடித்த உடம்பில் குடியை ஒரேயடியாக நிறுத்தினால் இப்படி வலிப்பு வந்து ஆளே போய்விடலாம், நேரத்தோடு கொண்டுவந்திருந்தால் மருந்து கொடுத்துப் பக்குவமாக நிறுத்தியிருக்கலாம் என்று டொக்டர் வாப்பாவை எல்லோருக்கும் முன்னால் ஏசினாராம். அன்று வாப்பா நோன்பு திறக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார் என்று உம்மா பிறகு சொன்னார்.

ஜவ்பர் நானா பிழைத்துக்கொண்டார். வலிப்பில் தோள் விலகியதில் இடது கை சரியாக உயரவில்லை. இனி லொறி ஓட்ட முடியாது. ஆனால் குடி போய்விட்டது. வாப்பா அவருக்கு அந்த அறையையே வெள்ளையடித்துக் கொடுத்தார், மூட்டைகளின் வாய் தைக்கும் வேலையும் கொடுத்தார். அவரை முன்பு வாசலிலேயே மறித்தவர்கள் பள்ளிவாசலில் இடம் ஒதுக்கி உட்காரவைத்தார்கள். பெருநாளுக்கு அவருடைய மூத்த மகன் கற்பிட்டியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனான். அன்று அவர் அழுததைப் பார்த்து நானும் அழுதேன்.

அந்த இரண்டு நாட்களும் அவர் ஞாபகத்திலிருந்து அடியோடு அழிந்துபோயிருந்தன. என்ன நடந்ததென்று அவருக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்கள் சொன்னதுதான். அதில் பாதி நான் சொன்னது. வாப்பாவைக் கூப்பிடச் சொல்லி அது கெஞ்சியதை மட்டும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று உம்மா சொல்லியிருந்தார். ஒரு சின்னப் பிள்ளை வாசலில் இருந்து ஓதியது, தம்பி கல்லு மனதோடு கதவைத் திறக்காமல் இருந்தான், ஷைத்தான் தரையை உதைத்துக்கொண்டு ஓடியது என்று தேத்தண்ணிக் கடையில் எல்லோருக்கும் சொல்வார். அதை எங்கள் வீட்டில் சொல்லத் தொடங்கினால் வாப்பா ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்து வெளியே போய்விடுவார். புகழ்ச்சி பிடிக்காத மனிதர் என்று நினைத்துக்கொள்வேன்.

அடுத்த வருஷம் நோன்புக்குச் சில நாள் முன்பு, ஒரு பின்னேரம், ஜவ்பர் நானா கையில் தொதல் இனிப்புப் பார்சலோடு வந்தார். பஸ் ஹோல்ட்டில் இப்போது வண்ணாத்திவில்லு ஆள் ஒருவர் கிடக்கிறாராம். தன்னைப் போலவே அவரையும் அந்த அறையில் போட்டுக் கொண்டி போட வேண்டுமாம். மகளே வாசலில் இருந்து ஓதட்டும் என்றார். எந்தச் சூராவில் தொடங்கலாம் என்று நான் யோசிக்கவும் தொடங்கிவிட்டேன். அன்று வாப்பா எழுந்து போகவில்லை.

“நானா, அந்தாள முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. கொண்டி போட வாணாம். அண்டைக்கு நான் ஒங்கள சாகக் குடுக்கப் பாத்தன்” என்றார்.

உடப்பு அக்கா சொன்னதையும் டொக்டர் ஏசியதையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஜவ்பர் நானா தன் இடது கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “அப்ப நான் ஒன்னக் கூப்பிடவே இல்லியா?”

“கூப்பிட்டீங்க. புள்ள ஓடி வந்து சொல்லிச்சி. நான்தான் வேலைய விட்டுட்டு வரல்ல.”

நான் திடுக்கிட்டுப்போனேன். நான் வாப்பாவிடம் ஓடவேயில்லையே. அதைச் சொல்ல வாயெடுத்தபோது உம்மா என் கையைப் பிடித்த பிடியில் எலும்பு நொந்தது. ஜவ்பர் நானா தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து போனார். மறுநாள் காலையில் அந்த மனிதரை அவரே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டோம். அந்தக் கிழமையே அறையைக் காலிசெய்துவிட்டு வேறொரு கொட்டிலில் வேலைக்குச் சேர்ந்தார். வாப்பா ஸலாம் சொன்னால் பதில் சொல்வார், ஆனால் நிற்க மாட்டார். வாப்பா அந்த வருஷம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு வாப்பாமேல்தான் கோபம். பொய் ஹராம் என்று எனக்குச் சொல்லித் தந்தவரே நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லிவிட்டார். உம்மாவிடம் முறையிட்டேன். உம்மா “ஓம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார். அன்று மஃரிப் தொழுதுவிட்டு, வாப்பா சொன்ன பொய்யை மன்னித்துவிடும்படி அல்லாஹ்விடம் வெகுநேரம் கேட்டேன். எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஏதாவது இருப்பதாக எனக்குத் தோன்றவுமில்லை.